பிடரியும் லாடமும்: பிள்ளைகளின் விருந்தில் குதிரைப் பலகாரம்



குதிரை. இன்றைய சொற்பொழிவின் பொருள் அதுதான். லாயத்தில் நிற்கும் குதிரை அன்று, தட்டில் நிற்கும் குதிரை. ஐந்தாறு வயதுப் பிள்ளையின் பிறந்தநாள் விருந்துக்குக் குதிரை உருவத்தில் எதைச் சமைக்கலாம், குதிரைத் தீனியிலிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம், எந்த இடத்தில் காரியம் கெடும் என்பவை இங்கே பேசப்படும்.

இது நேற்று முளைத்த ஆசை என்று நினைக்க வேண்டாம். பிறந்தநாளுக்குச் சர்க்கரைக் குதிரை வாங்கிக் கொடுக்கும் பழக்கம் எகிப்தில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. அங்கே அது வீட்டுப் பிள்ளையின் பிறந்தநாள் அன்று, நபிகள் நாயகத்தின் பிறந்தநாள். மீலாது விழா நெருங்கினால் கெய்ரோவின் கடைத்தெருக்களில் பெண் குழந்தைகளுக்குச் சர்க்கரைப் பொம்மையும் ஆண் குழந்தைகளுக்கு வீரன் ஏறிய சர்க்கரைக் குதிரையும் வந்து நிற்கும். ஃபாத்திமிய மன்னர்கள் காலத்தில் தொடங்கிய வழக்கம் என்று அந்த நாட்டார் சொல்லிக்கொள்கிறார்கள். பொம்மை இன்று பெரும்பாலும் பிளாஸ்டிக்காகிவிட்டது. மரக்கூட்டில் சர்க்கரைப் பாகு ஊற்றி வார்க்கும் தொழில் சுருங்கிவிட்டாலும் அழியவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? உத்தரப் பிரதேசத்தில் தீபாவளிக்கு விற்கும் சீனிப் பொம்மைகளில் யானையும் குதிரையும் உண்டு. கர்நாடகத்தில் சங்கராந்திக்கு எள், வெல்லம், கொப்பரை, நிலக்கடலை கலந்து கொடுக்கும்போது கூடவே வைக்கும் ‘சக்கரெ அச்சு’ம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். வடக்குக் குரோவாசியாவில் மாவு, சீனி, நீர், சோடா உப்பு, வாசனைப் பொருள்கள் சேர்த்துச் சுட்டு, சிவப்புப் பூச்சுப் பூசும் ரொட்டிப் பொம்மைகளிலும் குதிரை உண்டு. அந்தக் கைத்தொழிலை யுனெஸ்கோ 2010ஆம் ஆண்டு தன் பட்டியலில் சேர்த்தது. ஒருவரை ஒருவர் பார்த்திராத இத்தனை ஊர்க்காரர்களும் பிள்ளையின் கையில் கொடுக்கக் குதிரையையே ஏன் எடுத்தார்கள்? பிள்ளைக்குக் குதிரை பிடிக்கும் என்பது பாதி விடை. குதிரையின் உருவம் அச்சுக்கு வசமாக அமைகிறது என்பது மீதிப் பாதி. பக்கவாட்டில் பார்த்தால் ஒரே கோட்டில் அடங்கிவிடும் விலங்கு அது.

சர்க்கரைக் குதிரையை வீட்டில் வார்ப்பது எப்படி? பொறுமை கேட்கும் வேலை, அதனால் முதலிலேயே பார்த்துவிடலாம். இரண்டு பாதியாகப் பிரியும் மர அச்சைச் சில மணி நேரம் தண்ணீரில் ஊறவிட வேண்டும். ஊறாத மரம் பாகின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு குதிரையை விடாமல் பிடித்துக்கொள்ளும். ஊறியபின் துடைத்து, இரண்டு பாதியையும் சேர்த்து ரப்பர் வளையத்தால் இறுக்க வேண்டும். சீனியில் அது மூழ்கும் அளவு தண்ணீர் விட்டுக் கொதிக்கவிட்டு, ஒரு கரண்டி பால் ஊற்றினால் அழுக்கெல்லாம் நுரையாகத் திரண்டு மேலே வரும். வடிகட்டிவிட வேண்டும். தெளிந்த பாகில் ஒரு கிண்ணம் அளவு மட்டும் சின்னப் பாத்திரத்தில் எடுத்துக் கம்பிப் பதம் வரை காய்ச்சி, இறக்கிவைத்து, மரக்கரண்டியால் விடாமல் கிளற வேண்டும். கண்ணாடிபோல் இருந்த பாகு கொஞ்சம் கொஞ்சமாகப் பால் நிறத்துக்கு மாறும். மாறத் தொடங்கிய கணத்தில் அச்சின் வாயில் ஊற்றிவிட வேண்டும். முந்தினால் குதிரை பிசுபிசுக்கும், பிந்தினால் பாகு பாத்திரத்திலேயே இறுகிவிடும்.

ஏன் கிளற வேண்டும்? கிளறக் கிளறச் சீனி மிக நுண்ணிய படிகங்களாக உறையும். அப்போதுதான் வெள்ளை வெளேரென்று, வழுவழுப்பாக, வாயில் கரைகிற குதிரை கிடைக்கும். ஏன் சிறிது சிறிதாகக் காய்ச்ச வேண்டும்? ஒரு முறை பதம் தவறிய மொத்தப் பாகையும் மறுபடி நீர்விட்டு இளக்கித் தொடங்குவது யாருக்கும் ஆகிற காரியம் அன்று. பத்து நிமிடத்தில் அச்சைப் பிரிக்கலாம். காது உடையும், வால் உடையும், கால் கட்டாயம் உடையும். உடைந்ததைப் பாகுக்கே திருப்பி அனுப்பலாம், நட்டமில்லை. பிள்ளைகளை மட்டும் அந்தப் பக்கமே விடக்கூடாது. கொதிக்கும் தண்ணீரைவிடச் சூடான பாகு தோலில் ஒட்டிக்கொண்டு வழியாமல் நின்று சுடும். இன்னொன்று, 50 கிராம் சர்க்கரைக் குதிரை என்றால் 50 கிராமும் சர்க்கரைதான். ஆகவே அதை விருந்துத் தட்டில் வைப்பதைவிட, பிள்ளைகள் வீடு திரும்பும்போது கையில் கொடுக்கும் பைக்குள் காகிதத்தில் சுற்றி வைப்பதே முறை.

அச்சு இல்லாத வீட்டில் என்ன செய்வது? கையால்தான் உருட்ட வேண்டும். அதற்கு முன்னால் ஒரு கேள்விக்கு விடை தெரிந்தாக வேண்டும். குதிரையைக் குதிரையாக்குவது எது?

நான்கு காலா? மாட்டுக்கும் நான்கு கால். வாலா? நாய்க்கும் வால். நீண்ட முகம், வளைந்த கழுத்து, அந்தக் கழுத்தின் மேல் பிடரிமயிர் ஆகிய மூன்றும்தான் குதிரை. ஓவியர்கள் குதிரையின் தலை நீளத்தையே அளவுகோலாக வைத்துக்கொள்வார்கள். தோளின் உச்சி வரை உயரம் ஏறத்தாழ இரண்டரைத் தலை, உடலின் நீளமும் ஏறத்தாழ இரண்டரைத் தலை. கண் முகத்தின் நடுவில் இருக்காது. நெற்றிப் பக்கமாக, மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் இருக்கும். சமையலறையில் நேர்கிற பிழைகளில் பாதி இங்கேதான் நேர்கிறது. கண்ணை நடுவில் வைத்துவிட்டுக் குதிரை ஏன் எலிபோல் முழிக்கிறது என்று திகைப்பார்கள். காது நீண்டால் கழுதை. முகம் குறுகினால் நாய். பிடரி போனால் கன்றுக்குட்டி. இந்த மூன்றையும் காத்துக்கொண்டால் கால் கோணலாக இருந்தாலும் பிள்ளை ‘குதிரை!’ என்றுதான் கத்தும்.

இதிலிருந்து கிடைக்கிற பாடம் ஒன்று உண்டு. முழுக் குதிரையைச் செய்ய ஆசைப்படக் கூடாது. தலையும் கழுத்தும் போதும், உடம்பைப் பிள்ளையின் கற்பனை செய்துகொள்ளும். எந்தப் பண்டம் தானாகவே மயிர்போல் இழை இழையாக வருகிறது, எது தானாகவே பழுப்பு நிறம் கொண்டிருக்கிறது, எது தானாகவே வைக்கோல்போல் இருக்கிறது என்று தேடினால் சமையல்காரருக்குப் பாதி வேலை மிச்சம்.

தமிழ்நாட்டு அடுப்படிக்கு இதில் ஒரு வசதி உண்டு. வேறு ஊர்களில் பிடரிமயிருக்கு என்ன செய்வது என்று தலையைச் சொறியும்போது, இங்கே இடியாப்ப உரல் அலமாரியில் இருக்கிறது. கொழுக்கட்டை மாவுக் குதிரை அந்த உரலால்தான் உயிர் பெறுகிறது.

வறுத்த பச்சரிசி மாவு ஒரு கப் என்றால் தண்ணீர் ஒன்றரைக் கப். தண்ணீரில் உப்பும் ஒரு கரண்டி நல்லெண்ணெயும் விட்டுக் கொதித்ததும் மாவைக் கொட்டிக் கிளறி மூடிவிட வேண்டும். கை பொறுக்கும் சூட்டில் பிசைய வேண்டும். ஆறவிட்டுப் பிசைந்தால் வெடிக்கும். பாதி மாவை வெள்ளையாக வைத்துக்கொண்டு மறுபாதிக்குக் கேழ்வரகு மாவைச் சேர்த்துக் கிளறினால் செம்பழுப்பு மாவு கிடைக்கும். எலுமிச்சை அளவு உருண்டையை ஒரு பக்கம் நீட்டி முகமாக்கி, மறு பக்கம் கழுத்தாக்கி, மேலே இரண்டு சின்னக் காது கிள்ளி எடுக்க வேண்டும். ஒட்டிவைத்த காது வேகும்போது விழும், கிள்ளி எடுத்த காது விழாது. வெள்ளை மாவை இடியாப்ப உரலில் பிழிந்து, இழைகளைக் கழுத்தின் மேல் ஒரு பக்கம் சாயும்படி படியவைத்தால் பிடரி வந்துவிட்டது. இரண்டையும் சேர்த்தே இட்லித் தட்டில் பத்து நிமிடம் ஆவியில் வேகவைக்க வேண்டும். தேங்காய்ப் பூரணம் வைக்க விரும்பினால் கழுத்தில் வைக்கலாம். முகத்தில் வைத்தால் வெந்து உப்பி யானைக்கன்றாகிவிடும். உருட்டி முடிக்கும்வரை மீதி மாவு ஈரத் துணிக்கடியில் இருக்க வேண்டும்.

முழுக் குதிரைதான் வேண்டும் என்று பிள்ளை அடம்பிடித்தால்? அய்யனார் கோயில் மண்குதிரையை ஒரு முறை நின்று பார்த்துவிட்டு வரலாம். புரவி எடுப்புக்குக் குதிரை செய்து கொடுக்கும் குயவர்கள் காலை ஒல்லியாகச் செய்வதில்லை. தூண்போல், குழாய்போல் தடித்த காலைத்தான் முதலில் எழுப்புகிறார்கள். அதன் மேல்தான் உடம்பு உட்காருகிறது. உயிருள்ள குதிரைக்கு அப்படிக் கால் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். ஈரக் களிமண் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதும் தெரியும். ஆவியில் வேகும் மாவும் ஈரக் களிமண்ணுக்குச் சொந்தக்காரன்தான். ஆகவே நான்கு குட்டைக் கால், தடித்த கால். அல்லது காலை மடக்கிப் படுத்திருக்கும் குதிரை. ஓடும் குதிரை மாவில் கூடாது.

ஓடும் குதிரைக்குத் தோசைக்கல் இருக்கிறது. அங்கே விழுகிற பயம் இல்லை, குதிரை படுத்தபடியே ஓடும். புளித்த தோசை மாவில் குமிழி வந்து கோடு சிதறும். ஆகவே கோதுமை மாவை வெல்லத் தண்ணீரில் கரைத்த வெல்லத் தோசை மாவே இதற்குத் தோது. சாஸ் புட்டிபோல் மூக்குள்ள ஒரு புட்டியில் கேழ்வரகு கலந்த கெட்டி மாவை எடுத்து, சிறு தீயில், குதிரையின் வெளிக்கோடு, கண், பிடரி, கடிவாளம் ஆகியவற்றை முதலில் வரைய வேண்டும். அரை நிமிடம் பொறுத்து, கோடு சற்றுச் சிவந்ததும், வெளிர் மாவை உள்ளே ஊற்றி நிரப்ப வேண்டும். திருப்பிப் போட்டால் கருங்கோட்டுக்குள் பொன்னிறக் குதிரை. வெல்லம் சீக்கிரம் கருகும் என்பதால் தீயை ஏற்றவே கூடாது. ஒன்றை மறந்துவிட வேண்டாம். கல்லில் இடப் பக்கம் பார்க்கும் குதிரை, தட்டில் வலப் பக்கம் பார்க்கும். குதிரைக்கு அதனால் குறைவில்லை. பிள்ளையின் பெயரையும் எழுதியிருந்தால் அது கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி நிற்கும். பெயரைத் திருப்பி எழுதிப் பழகியவர் மட்டும் எழுதலாம்.

பிஸ்கட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மைதா 250 கிராம், வெண்ணெய் 125 கிராம், பொடித்த சீனி 100 கிராம், பிசைய இரண்டு மூன்று கரண்டி பால். சோடா உப்போ பேக்கிங் பவுடரோ போட்டால் மாவு பரவி, குதிரை நாற்காலியாகிவிடும். ஆகவே இரண்டும் வேண்டாம். அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, அச்சில் வெட்டி, வெட்டியதைத் தட்டோடு கால் மணி நேரம் ஃப்ரீசரில் வைத்துவிட்டு அப்படியே 180 டிகிரி சூட்டில் 12 நிமிடம் சுட வேண்டும். குளிர்ந்த வெண்ணெய் இளகுவதற்குள் ஓரம் இறுகிக்கொள்ளும், உருவம் கலையாது. கால் மெலிந்த அச்சை வாங்காமல் இருப்பதே நல்லது. உடம்பு வேகும் முன் கால் கருகும்.

இனி கேக். விருந்தின் நடுவில் நிற்கப்போவது அதுதான். வீட்டுக்காரர்கள் அதிகம் பயப்படுவதும் அதற்குத்தான். பயப்பட ஒன்றும் இல்லை.

வேண்டியது 30 சென்டிமீட்டர் நீளம், 20 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு தட்டையான கேக். மைதா, வெண்ணெய், சீனி தலா 225 கிராம், முட்டை 4, பேக்கிங் பவுடர் இரண்டு சின்னக் கரண்டி. 180 டிகிரியில் அரை மணிக்குச் சற்று மேல். இதை முந்தின நாளே சுட்டுவிட வேண்டும். அன்றன்று சுட்ட கேக் கத்திபட்டதும் உதிரும், ஒரு நாள் ஆன கேக் சொன்னபடி கேட்கும். அதே அளவுக் காகிதத்தில் குதிரைத் தலையையும் கழுத்தையும் பக்கவாட்டில் வரைந்து, வெட்டி, கேக்கின் மேல் வைத்துச் சுற்றிலும் கத்தியால் இறக்க வேண்டும். வரைவது எப்படி? காகிதத்தின் ஒரு மேல் மூலையில் நெற்றி. எதிர்ப் பக்கம் நோக்கிச் சரிவாக மூக்கு. தாடைக்குக் கீழே ஒரு பெரிய வளைவு. அகன்ற கழுத்து கீழே ஓரம் வரை. தாடைக்குக் கீழே வெட்டியெடுத்த துண்டிலிருந்தே இரண்டு காதுகளையும் வெட்டிக்கொள்ளலாம். வீணாவது மிகக் குறைவு. அந்தக் கொஞ்சத்தையும் கேக் வெட்டும்வரை பொறுக்கமாட்டாத பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.

பூச்சுக்கு வெண்ணெய் 250 கிராம், ஐசிங் சுகர் 500 கிராம், கோகோ 50 கிராம். முதலில் மெல்லியதாக ஒரு பூச்சுப் பூசி அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். உதிர்ந்த தூளெல்லாம் அந்தப் பூச்சில் சிக்கிக்கொள்ளும். அதன் மேல் இரண்டாம் பூச்சு வழுவழுப்பாக நிற்கும். பிடரிக்கு நட்சத்திர முனை வைத்த பையில் பூச்சை நிரப்பி, நெற்றியிலிருந்து கழுத்தின் அடிவரை, ஒவ்வொரு இழையையும் பிழிந்து இழுத்து விட வேண்டும். ஒரே நேர்க்கோட்டில் ஒழுங்காகப் பிழிந்தால் வேலி மாதிரி ஆகும். கொஞ்சம் நீளம், கொஞ்சம் குட்டை, ஒன்றிரண்டு நெற்றியில் விழ வேண்டும். பிழியத் தெரியாதவருக்குச் சோன்பப்டி இருக்கிறது. அதைப் பிரித்தாலே மயிரிழைதான். ஆனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு நொடியில் பிசுக்கென்று ஆகிவிடும். மெழுகுவர்த்தி ஏற்றுவதற்குச் சற்று முன்பே அதை வைக்க வேண்டும்.

மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்குவது போன்றதுதான் வெண்ணெய்க் குதிரையை நம்பி மே மாதத்தில் மொட்டைமாடியில் விருந்து வைப்பதும். வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும், சென்னையின் மே மாதப் பகல் அதைத் தாண்டிப் போகும். பிடரி முதலில் சாயும், பிறகு கண் நழுவும், பிறகு குதிரை அழத் தொடங்கும். வெயில் காலத்து விருந்தென்றால் வெண்ணெய்ப் பூச்சை விட்டுவிட்டு, இரண்டு பங்கு டார்க் சாக்லேட்டைச் சூடான ஒரு பங்கு கிரீமில் உருக்கி ஆறவைத்த கெட்டிச் சாக்லேட் பூச்சைப் பூசலாம். அதுவும் வெயிலில் நிற்காது. நிழலில், மின்விசிறிக்கு அடியில், வெண்ணெயைவிட நெடுநேரம் நிற்கும்.

குதிரைக்கு நிறம் எங்கிருந்து வரும்? கருப்பட்டி, கோகோ, கேழ்வரகு, வறுத்த கோதுமை என்று பழுப்பு நிறமெல்லாம் சமையலறையில் முன்பே இருக்கிறது. கறுப்புக்கு எள், வெள்ளைக்கு அரிசி மாவு. குதிரைப் பலகாரத்துக்குச் சாயப் புட்டியே தேவையில்லை. சிக்கல் எங்கே வருகிறது என்றால், இப்போதைய பிள்ளைகள் பலர் குதிரை கேட்பதில்லை. ஒற்றைக் கொம்புக் குதிரை கேட்கிறார்கள், அதுவும் ஏழு வண்ணப் பிடரியோடு. குதிரையின் குணம் அறிந்துதான் கடவுள் அதற்குக் கொம்பு கொடுக்கவில்லை என்று ஊரில் ஒரு பழமொழி உண்டு. கொம்பு கொடுத்ததும் கூடவே வந்து சேர்ந்த குணம் இந்தச் சாயம்தான்.

சாயத்தில் கவனம் வேண்டும். இந்தியாவில் உணவில் சேர்க்க அனுமதி பெற்ற செயற்கை நிறங்கள் எட்டே எட்டு. அவற்றையும் குறிப்பிட்ட பண்டங்களில், பொதுவாக ஒரு கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கு மிகாமல்தான் சேர்க்கலாம். துணிக்குப் போடும் ரோடமின்-பி என்ற சாயம் கலந்திருந்ததால்தான் 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் வண்ணப் பஞ்சுமிட்டாய்க்குத் தடை வந்தது. பஞ்சுமிட்டாயைப் பிடரியாக வைக்கும் யோசனை பலருக்கும் தோன்றும். பார்க்க அழகுதான், ஆனால் அந்த ரோஜா நிறம் எதிலிருந்து வந்தது என்று தெரியாதபோது விட்டுவிடுவதே நல்லது. வண்ணப் பிடரிதான் வேண்டுமென்றால் இடியாப்ப மாவைப் பிரித்துப் பீட்ரூட் சாறு, மஞ்சள், கீரைச் சாறு சேர்த்துத் தனித்தனியாகப் பிழியலாம். கொம்புக்கு ஒரு சின்னக் கோன் பிஸ்கட்.

உருவம் முடிந்தது. குதிரையை நிறுத்த ஒரு லாயம் வேண்டாமா? இங்கேதான் உண்மையான வேடிக்கை இருக்கிறது, செலவும் குறைவு. ஓமப்பொடியை ஒரு பெரிய தட்டில் உதிர்த்துப் பரப்பினால் அதைவிட நல்ல வைக்கோல் எங்கும் கிடைக்காது. கடலைமிட்டாய்க் கட்டிகளை அடுக்கினால் கல்சுவர். நீளப் பிஸ்கட்டோ ரொட்டிக் குச்சியோ குறுக்கும் நெடுக்குமாக வைத்தால் வேலி. கைமுறுக்குச் சுற்றத் தெரிந்த பாட்டி வீட்டில் இருந்தால், வட்டத்தை முடிக்காமல் ஒரு பக்கம் திறந்துவிடச் சொன்னால் போதும், லாடம் வந்துவிடும். மாவு வாழையிலையில் இருக்கும்போதே தீக்குச்சி முனையால் ஏழு ஆணிக் குழி போட்டுவிட்டால் நிஜ லாடத்தைத் தோற்கடிக்கும். ஒரு பெரிய தொட்டியில் பானகமோ நீர்மோரோ ஊற்றி, ‘குதிரைகள் நீர் அருந்தும் இடம்’ என்று எழுதி வைத்தால், வழக்கமாகக் குளிர்பானத்துக்குக் கைநீட்டும் பிள்ளைகூடக் கனைத்துக்கொண்டு வந்து குடிக்கும்.

குதிரைபோல் இருப்பது ஒன்று. குதிரை தின்பது இன்னொன்று. இரண்டாவது வழியில் வேலை இன்னும் எளிது. குதிரைக்குக் கேரட் பிடிக்கும், ஆப்பிள் பிடிக்கும், வெல்லம் பிடிக்கும், ஓட்ஸ் அதன் பழைய தீனி. ஓட்ஸும் வெல்லப்பாகும் உலர்திராட்சையும் சேர்த்துப் பிடித்த உருண்டையைக் ‘குதிரைத் தீனி’ என்று சொல்லி வைத்தால், அதே உருண்டையைச் ‘சத்துருண்டை’ என்று சொல்லி வைப்பதைவிட நாலு மடங்கு வேகமாகத் தீரும். பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் பிள்ளைகளுக்குச் சாப்பாடு ஊட்டிப் பார்க்காதவர்கள்.

அந்தத் தீனியில் தலையாயது கொள்ளு. ஆங்கிலத்தில் அந்தப் பயறின் பெயரிலேயே குதிரை இருக்கிறது. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று மனிதருக்கும் அதைச் சொல்லி வைத்தார்கள். நூறு கிராம் கொள்ளில் ஏறத்தாழ 22 கிராம் புரதம். இரவு முழுக்க ஊறவைத்துக் குக்கரில் நன்றாகக் குழைய விட்டு, தேங்காய்த் துருவல், மாங்காய்த் துருவல் போட்டுச் சுண்டலாகத் தாளித்து, சின்னச் சின்னக் காகிதப் பைகளில் போட்டுக் கொடுத்தால் குதிரை வாயில் கட்டும் கொள்ளுப் பைதான் அது. மிளகாயைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

குதிரைவாலியை விட்டுவிட முடியுமா? கதிர் பார்க்கக் குதிரையின் வால்போல் இருப்பதால் அந்தப் பெயர் பெற்ற தானியம் அது. ஒரு கப் குதிரைவாலி, கால் கப் பாசிப்பருப்பு, நான்கு கப் தண்ணீர், வெந்ததும் வெல்லப்பாகு, நெய், ஏலக்காய். சர்க்கரைப் பொங்கல் தயார். அரிசியைவிடச் சீக்கிரம் வெந்துவிடும், ஆறினால் இறுகும், அதனால் சற்றுத் தளர்வாகவே இறக்க வேண்டும். ‘இன்றைக்குக் குதிரைவால் பொங்கல்’ என்று சொல்லும்போது பிள்ளையின் முகத்தில் ஒரு கணம் திகில் தோன்றும். அதற்காகவே இதைச் செய்யலாம்.

சிரிப்பு ஒருபுறம் இருக்க, சிலவற்றில் விளையாட்டே கூடாது. கண்ணுக்குக் கிராம்பு வைப்பது பழைய வழக்கம், மிளகு வைப்பதும் உண்டு. பிள்ளை அதைக் கடித்த பிறகு அந்த விருந்தில் வேறெதையும் தொடாது. உலர்திராட்சைத் துணுக்கோ கருப்பு எள்ளோ போதும். உறுப்புகளைப் பொருத்தப் பல்குத்தும் குச்சியைச் செருகுவது கூடவே கூடாது. எங்கே செருகியது என்று செருகியவருக்கே பிறகு நினைவிருக்காது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முழு நிலக்கடலை, முழு முந்திரி தொண்டையில் அடைக்கும், ஆகவே பொடித்துத்தான் போட வேண்டும். அவர்கள் வரும் விருந்தில் கடலைமிட்டாய்ச் சுவரைப் பெரியவர்களின் தட்டுக்கு மாற்றிவிட வேண்டும். திராட்சைப் பழத்தை நீளவாக்கில் நான்காக வெட்ட வேண்டும். குறுக்கே வெட்டினால் ஆபத்து அப்படியே இருக்கும். பச்சைக் கேரட் வட்டமும் அப்படித்தான். துருவ வேண்டும், அல்லது மெத்தென்று வேகவைக்க வேண்டும். விருந்தினரோடு ஒரு வயது நிரம்பாத கைக்குழந்தை வந்தால் தேன் சேர்த்த எதையும் அதன் வாயில் வைக்கக் கூடாது. வரும் பிள்ளைகளில் யாருக்குக் கடலை ஒத்துக்கொள்ளாது, யாருக்குப் பால் ஒத்துக்கொள்ளாது, யார் வீட்டில் முட்டை சேர்ப்பதில்லை என்று அழைக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியுமா? முடியாது, முயலவும் வேண்டாம். சர்க்கரைக் குதிரையும் பிஸ்கட்டும் முறுக்கும் ஒரு வாரம் முன்பே செய்து காற்றுப் புகாத டப்பாவில் வைக்கலாம். முந்தின நாள் கேக்கைச் சுட்டு, வெட்டி, முதல் பூச்சுப் பூசலாம், கொள்ளை ஊறப்போடலாம், ஓட்ஸ் உருண்டை பிடிக்கலாம். கொழுக்கட்டையும் பொங்கலும் அன்றைக்கு மட்டும். ஆவியில் வேகவைத்த அரிசி மாவு ஃப்ரிட்ஜில் கல்லாகிவிடும். தோசைக் குதிரையைப் பிள்ளைகள் வந்தபின் அவர்கள் கண்முன்னே வார்க்க வேண்டும், பாதி விருந்து அந்த வேடிக்கையிலேயே முடிந்துவிடும். பன்னிரண்டு பிள்ளைகள் வருகிற விருந்துக்கு மேலே சொன்னவற்றில் நான்கு பண்டம் போதும்.

கடைசியாக ஒன்று மிச்சம் இருக்கிறது. மெழுகுவர்த்தி அணைந்தது, கைதட்டல் ஓய்ந்தது, பிள்ளையின் கையில் கத்தி. எங்கே வெட்டுவது? குதிரையின் கழுத்தில் கத்தி இறங்குவதைப் பார்த்து வீறிட்டு அழும் பிள்ளைகள் உண்டு. ஆகவே கேக்கை அலங்கரிக்கும்போதே கழுத்தின் அடியில், பலகையை ஒட்டி, இரண்டு விரல் அகலத்துக்குப் பூச்சின் நிறத்தை மாற்றிப் புல்தரை போல் செய்துவிட வேண்டும். பிள்ளை வெட்டுவது அந்தப் புல்தரையை. பிறகு பலகையை உள்ளே கொண்டுபோய், கழுத்தின் அடியிலிருந்து மேல்நோக்கி, ஒவ்வொரு துண்டிலும் கொஞ்சம் பிடரி வரும்படி பெரியவர்கள் வெட்டிக் கொடுக்கலாம். கண்ணும் காதும் உள்ள முகத்துண்டைத் தனியாக எடுத்து மூடி ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். மறுநாள் காலையில் பிறந்தநாள் பிள்ளை முதலில் கேட்பது அதைத்தான்.